தொழிற்றகைமைப் பெறுபேறுகளும் பாடசாலையின் கடமையும்

ஒரு கல்வி நிலையத்தின் பெருமையை அளப்பதற்கு நம்மவர் பெரும்பாலும் கைக்கொள்ளும் கோல் பரீட்சைப் பெறுபேறேயாகும். எத்தனை பேர் தோற்றினர், எத்தனை பேர் சித்தியெய்தினர், எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்னும் கணக்கு ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் அதிபர் அறிக்கையில் இடம் பெறுகின்றது. அக்கணக்கு வேண்டற்பாலதே. ஆயினும், அப்பெறுபேறு மாணாக்கனுடைய கையை எப்பொழுது அடைந்தது, யார் வழியாக அடைந்தது, எந்தப் பெயரோடு அடைந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலர். விளைந்த நெல்லைக் களத்தோடு விட்டுவிட்டு விளைச்சலைப் புகழ்வது போன்றதே இது.

இவ்வினாக்கள் எல்லாப் பரீட்சைகளுக்கும் பொருந்துவன. எனினும் தொழிற்றகைமைப் பெறுபேறுகளைப் பொறுத்தவரை இவை மிகுந்த முக்கியத்துவம் வாய்ந்தவை. தொழிற்கல்வியைத் தெரிந்தெடுக்கும் பிள்ளை பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை. தன் சான்றிதழைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையும் பொருள்வளமும் ஓய்வும் அற்ற பிள்ளை. ஆதலின் அப்பெறுபேற்றைப் பேணுவதிலும் வழங்குவதிலும் பாடசாலைக்குரிய கடமைகள் யாவை என்பதை, மடுல்கெல்லப் பகுதியை மனத்திற்கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

தொழிற்கல்வி வந்த வழி

தொழிற்கல்வி இலங்கைக்குப் புதியதொன்றன்று. 1893ஆம் ஆண்டிலே கொழும்பு மருதானையில் தொழில்நுட்பப் பாடசாலை தோன்றிவிட்டது. கண்டி மாவட்டத்திலேயே ஹந்தெஸ்ஸ என்னும் கிராமத்தில் 1932இல், பாடசாலைக் கல்வியைக் கிராம வாழ்வோடும் கைத்தொழிலோடும் பிணைக்கும் முயற்சியொன்று ஆரம்பிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கை, ஏட்டுக் கல்வியோடு செய்முறைக் கல்விக்கும் தனிப் பாடசாலைகள் வேண்டுமென விதந்துரைத்தது. அவ்வறிக்கையின் பயனாக 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயின் செய்முறைப் பாடசாலைகள் வேரூன்றவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளை எழுதுவினைஞராகவும் மருத்துவராகவும் காண விழைந்தனரேயன்றித் தச்சராகவும் கம்மியராகவும் காண விழையவில்லை.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவாக்கியது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் நடைபெற்றது. சில ஆண்டுகளுக்குள் ஆட்சி மாறியது, பரீட்சையும் மாறியது, பழைய முறை மீண்டது. அப்பரீட்சையில் சித்தியெய்தியோர் கையில் மட்டும் அச்சான்றிதழ் எஞ்சியது. பரீட்சை மறைந்தாலும் சான்றிதழ் ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் உடன்வரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்றுள்ள முறைக்கு அடிப்படையாய் அமைந்தது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம்நிலை, வாழ்க்கைத்தொழிற் கல்விச் சட்டமாகும். அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஆணைக்குழுவே தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தைப் பேணிவருகின்றது. மக்கள் வழக்கில் என்.வி.கியூ. எனப்படுவது இதுவே. இது ஏழு படிகளையுடையது. முதல் நான்கு படிகளுக்கும் சான்றிதழும், ஐந்தாம் ஆறாம் படிகளுக்கு டிப்ளோமாவும், ஏழாம் படிக்குப் பட்டமும் உரியன. 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டிப்ளோமா பெற்றோர் பட்டம் பெறுவதற்கும் வாயில் திறந்துள்ளது. எனவே சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பிள்ளையும் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை செல்லக்கூடிய ஏணி நாட்டில் உண்டு. அவ்வேணியின் ஒவ்வொரு படியும் ஒரு சான்றிதழாகும். கீழ்ப்படியின் சான்றிதழ் கையில் இல்லாதவனுக்கு மேற்படியிற் கால்வைத்தல் பல வேளைகளில் அரிதாகும்.

பாடசாலையை இவ்வேணியோடு நேரே பிணைத்தது 2017ஆம் ஆண்டில் 42 பாடசாலைகளில் ஆரம்பிக்கப்பெற்ற பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டமாகும். சாதாரண தரத்திற் சித்தியெய்தினும் எய்தாவிடினும் மாணாக்கர் 12ஆம் 13ஆம் தரங்களிலே தொழிற்பிரிவிற் பயிலலாம் என்பது அதன் நோக்கம். முதலாண்டு பாடசாலையிலே பொதுப் பாடங்களும் தொழிற்பாட அறிமுகமும் நிகழும். அடுத்த ஆண்டு பயிற்சி நிலையமொன்றிலே தொழிற்பயிற்சி நிகழும். இறுதியில் நான்காம் படித் தகைமை கிட்டும். நன்மை மிக்க ஏற்பாடு இது. ஆயின் ஒரு பிள்ளையின் கல்வி இரண்டு நிலையங்களின் கைகளிலே பகிர்ந்து கிடக்கின்றது என்பதை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். இருவர் சுமக்கும் குடம் யாருடைய கையினின்று நழுவியது என்று பின்னர் கூறுதல் அரிது.

இருவகைப் பெறுபேறு

கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சையின் பெறுபேறு எவ்வாறு வருகின்றது என்பதை யாவரும் அறிவர். பரீட்சைத் திணைக்களம் நாடு முழுவதற்கும் ஒரே காலத்தில் பரீட்சை நடாத்தி, ஒரே நாளிற் பெறுபேற்றை வெளியிடுகின்றது. ஒவ்வொரு மாணாக்கனுக்கும் சுட்டெண் உண்டு. இன்று இணையத்தளத்திற் சுட்டெண்ணை இட்டால் பெறுபேறு கண்முன் தோன்றும். பாடசாலைப் பரீட்சார்த்திகளின் பெறுபேற்றுப் பட்டியல் அதிபருக்கு வரும். அந்நாளைப் பாடசாலையும் ஊரும் எதிர்பார்த்து நிற்கும். வராவிடின் வினவுவோர் நூற்றுவர்.

தொழிற்றகைமைப் பெறுபேற்றின் இயல்பு வேறு. இது மூன்று மணி நேர வினாத்தாளின் பயனன்று. ஒவ்வொரு தொழிலுக்கும் தேசிய தேர்ச்சி நியமம் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அத்தொழிலைச் செய்பவன் யாது யாது செய்ய வல்லவனாதல் வேண்டும் என்பதை அந்நியமம் அலகு அலகாகப் பிரித்துக் கூறும். மின்னிணைப்பாளனாயின் கம்பி பொருத்துதல், சோதித்தல், பாதுகாப்பு விதி பேணல் என இவ்வாறு விரியும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் மாணாக்கன் வேலை செய்வதை நேரிற் கண்டு, வினவி, அவன் சேர்த்துவைத்த வேலைக் கோவையையும் நோக்கி, ஒவ்வோர் அலகிலும் தேர்ச்சியுள்ளான் அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்று பதிவார். நூற்றுக்கு எத்தனை என்னும் புள்ளி இங்கே தலைமை பெறுவதில்லை.

இதனால் விளையும் வேறுபாடுகள் மூன்று. முதலாவது, நாடெங்கும் பெறுபேறு வெளியாகும் பொதுநாள் ஒன்று இல்லை. ஒரு நிலையத்தின் மதிப்பீடு சித்திரையில் முடியலாம். வேறொன்றினது ஆவணியில் முடியலாம். ஆதலின் பெறுபேறு வரவில்லையே என்று ஊர் திரண்டு கேட்பதற்கு வாய்ப்பில்லை. ஒருவனுடைய சான்றிதழ் தாமதித்தால் அவன் ஒருவனே அறிவான். சில வேளை அவனும் அறியான். இரண்டாவது, பெறுபேறு முழுமையாகவோ பகுதியாகவோ இருக்கலாம். பத்து அலகில் எட்டு அலகிலே தேர்ச்சி பெற்றவன் தோற்றவனாகான். பெற்ற அலகுகளுக்கு அடைவுப் பதிவு உண்டு. எஞ்சிய இரண்டையும் பின்னர் நிறைவு செய்துகொள்ளலாம். இவ்வுண்மையை எடுத்துரைப்பார் இல்லாவிடின் பிள்ளை தான் தவறிவிட்டதாக எண்ணி வேலையைத் தேடிக் கொழும்புக்குப் பேருந்து ஏறிவிடும். மூன்றாவது, பெறுபேறு வருங்காலத்துப் பிள்ளை பாடசாலையில் இராது. வகுப்பறையில் அமர்ந்திருப்பவனிடம் தாளைக் கொடுத்தல் எளிது. திசை தெரியாது சென்றவனிடம் சேர்ப்பித்தல் அரிது.

மடுல்கெல்லயின் நிலைமை

கண்டி நகரினின்றும் வத்துகாமம், பன்விலை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் அமைந்தது மடுல்கெல்ல. முன்னர் கோப்பியும் பின்னர் தேயிலையும் மூடிய மலைச்சாரல் இது. கடைவீதியைச் சுற்றித் தோட்டங்களும், தோட்டங்களுள் பிரிவுகளும், பிரிவுகளுள் லயங்களும் சிதறிக் கிடக்கின்றன. வரைபடத்தில் அணித்தாய்த் தோன்றும் பிரிவு நடந்து செல்வோர்க்குச் சேய்த்தாயிருக்கும். மழைக்காலத்திலே மண்சரிந்தால் பாதை மூடும், பேருந்து நிற்கும்.

இம்மலையக மக்களின் கல்வி தனிவரலாறு உடையது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 1945இல் நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உயர்வகுப்பு வரை விரிந்தபோது தோட்டப் பாடசாலைகள் அப்பால் நின்றன. 1977 தொடக்கமே அவை அரசாங்கத்தின் கைக்குப் படிப்படியாக வந்தன. எனவே பாட்டனும் தந்தையும் ஐந்தாம் வகுப்போடு நின்ற வீட்டிலே ஒரு பெண் நான்காம் படித் தொழிற்சான்றிதழ் பெறுகின்றாள் எனின், அவ்வீட்டின் வரலாற்றிலே அது முதல் அரசாங்க முத்திரையாக அமைதலும் கூடும்.

தாளின் அருமையை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்திற்குப் பின்னர், வேண்டிய பத்திரம் கையிலில்லாத காரணத்தால் பிறந்த மண்ணிலே நாடற்றவராய் நின்றோர் பல இலட்சத்தினர். 2003ஆம் ஆண்டின் சட்டமே அந்நிலைக்குப் பெரும்பாலும் முடிவு கண்டது. ஏடு இல்லாமையால் நாடு இழந்த அனுபவம் உடைய வீட்டிலே, பிள்ளையின் சான்றிதழ் ஒன்று பாடசாலை அலுமாரியில் ஆண்டுக்கணக்காக உறங்குமாயின் அதனை வெறும் அலுவலகத் தாமதம் என்று கூறி விடுதல் பொருந்தாது.

இப்பகுதிக்குரிய இடர்கள் இரண்டினைச் சிறப்பாக எடுத்துரைப்போம். முதலாவது தபாலைப் பற்றியது. தோட்ட மக்களுக்கு வரும் கடிதங்கள் பன்னெடுங்காலமாகத் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே சென்றன. லயக் காம்பராவுக்கெனத் தனி இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத இடங்களில் கடிதம் கைமாறிக் கைமாறிச் செல்லும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர் வந்து சேர்ந்த கதைகளை மலையகத்திலே கேளாதார் இலர். ஆதலின் பெறுபேற்றைத் தபாலில் இட்டுவிட்டோம் என்று கூறுவதனால் இங்கே கடமை முடிந்துவிடாது.

இரண்டாவது பெயரைப் பற்றியது. நம் வழக்கிலே தந்தையின் பெயர் முன்னே தலைப்பெழுத்தாய் நிற்கும். தன் பெயர் பின்னே வரும். அலுவலகப் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வேறு வகுப்பு வகுக்கும். பிறப்பைப் பதிந்தவர் தமிழ் அறியாதவராயின் பெயர் அவர் காதிற் பட்டவாறே ஏட்டில் ஏறும். இராஜேஸ்வரி என்பவள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே ஒரு விதமாகவும், பாடசாலைச் சேர்விடாப்பிலே வேறு விதமாகவும், அடையாள அட்டையிலே மற்றொரு விதமாகவும் எழுதப்படுவாள். ஆங்கில எழுத்துக்குப் பெயர்க்கும்போது வேறுபாடு இன்னும் பெருகும். ஆள் ஒருத்தியே, அலுவலகத்தின் கண்ணுக்கு மூவர். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஓரெழுத்து மாறினும், வெளிநாடு செல்ல விழையும் பிள்ளை சத்தியக் கடதாசியும் கையுமாய் அலைய நேரிடும்.

பிறநாடு புகட்டும் பாடம்

இத்தகைய இடர் வறிய மலைநாட்டுக்கே உரியது என்று கருதுதல் தவறு. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் நாள் இங்கிலாந்திலே உயர்தரப் பெறுபேறுகள் வெளியாயின. ஏட்டுக் கல்வி பயின்றோர் தத்தம் பெறுபேற்றைப் பெற்றுப் பல்கலைக்கழகம் நோக்கினர். ஆயின் பீடெக், கேம்பிரிட்ஜ் டெக்னிக்கல்ஸ் முதலிய தொழிற்றகைமைகளைப் பயின்ற ஆயிரக்கணக்கான மாணாக்கர் அன்று வெறுங்கையராய் நின்றனர். அவர்களுட் பலர் தம் பல்கலைக்கழக இடம் உறுதியாகுமோ என்று நாட்கணக்கிற் கலங்கினர்.

தகைமைகளை மேற்பார்க்கும் ஒஃப்குவல் நிறுவனம் காரணத்தை ஆராய்ந்தது. தொழிற்றகைமையில் மாணாக்கன் அலகு அலகாக முடித்துச் செல்கின்றான். இவ்வாண்டு முழுத்தகைமையையும் பெறுவதற்குரியவர் யாவர் என்பதைப் பாடசாலை கூறினாலன்றிச் சான்றிதழ் வழங்கும் நிறுவனம் தானாக அறிதல் அரிது. யார் யாருக்குப் பெறுபேறு வரவேண்டும் என்பது பற்றிப் பாடசாலையும் நிறுவனமும் ஒரே பட்டியலைக் கையில் வைத்திருக்கவில்லை. தகவலிற் குறைபாடுகள் இருந்தன. குறைபாடுகள் காலம் தாழ்த்தியே கண்டறியப்பட்டன. ஆதலின் அடுத்த ஆண்டு முதல், கல்வியாண்டின் இடையிலேயே இருதரத்தாரும் தத்தம் பட்டியல்களை ஒப்பிட்டு உறுதி செய்யும் நாளொன்று வகுக்கப்பட்டது.

கணினியும் நிதியும் நிறைந்த நாட்டிலே நேர்ந்த குறைக்குக் கண்ட மருந்து யாது? இரண்டு பட்டியலை அருகருகே வைத்து ஒப்பு நோக்குதல்! அம்மருந்துக்குப் பெரும்பொருள் வேண்டாம். இடாப்பு ஒன்றும், பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவரும், ஆண்டுக்கு இரு நாளும் போதும்.

பாடசாலை ஆற்ற வேண்டிய பணிகள்

மேற்கூறியவற்றினின்றும் பாடசாலையின் கடமைகளை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, தொழிற்பிரிவில் மாணாக்கனைச் சேர்க்கும் அன்றே பெயரைத் திருத்துதல். பிறப்பத்தாட்சிப் பத்திரம், சேர்விடாப்பு, தேசிய அடையாள அட்டை ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் வேண்டும். பாடசாலை மாணாக்கர் அடையாள அட்டைக்கு அதிபர் வாயிலாகவே விண்ணப்பிப்பதால், பெயரை ஒருமைப்படுத்தும் நல்வாய்ப்பு அப்பொழுது பாடசாலையின் கையிலுள்ளது. பிறப்புப் பதிவிலே பிழையிருப்பின் பதிவாளர் வாயிலாகத் திருத்தும் வழியைப் பெற்றோர்க்குக் காட்டுதல் வேண்டும். முதலாண்டிலே திருத்தினால் ஒரு திருத்தம். சான்றிதழ் அச்சான பின்னர் திருத்த முற்பட்டால் ஒன்பது திருத்தம்.

இரண்டாவது, தொழிற்றகைமை இடாப்பு ஒன்றைத் தனியே பேணுதல். அதிலே பெயர், அடையாள அட்டை இலக்கம், பயிலும் தொழில், தகைமைப் படி, பயிற்சி நிலையம், மதிப்பீட்டு நாள், தேர்ச்சி பெற்ற அலகுகள், எஞ்சிய அலகுகள், சான்றிதழ் இலக்கம், கையளித்த நாள், பெற்றவர் கையொப்பம் ஆகியன நிரலே அமைதல் வேண்டும். கணினியிற் பதிவது நன்று; கட்டிய புத்தகத்திலும் பதிவது அதனினும் நன்று. மின்சாரம் நின்றாலும் புத்தகம் திறக்கும்.

மூன்றாவது, இடையாண்டு ஒப்பு நோக்கு. மாணாக்கன் பயிற்சி நிலையத்துக்குச் சென்றபின் அவன் நம் பிள்ளையல்லன் என்று கருதலாகாது. ஆண்டின் நடுவிலே ஒருமுறையும் மதிப்பீட்டுக்கு முன்னர் ஒருமுறையும் பாடசாலையின் பட்டியலும் நிலையத்தின் பட்டியலும் ஒப்பிடப்படல் வேண்டும். நிலையம் ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா, பயிலும் பாடநெறி தராதர அங்கீகாரம் பெற்றதா என்பதையும் அதிபர் அப்பொழுதே உறுதி செய்தல் நலம். அங்கீகாரமற்ற நெறியில் ஈராண்டு கழித்த பிள்ளைக்கு எத்தகைய இடாப்பும் தேசியச் சான்றிதழ் பெற்றுத் தராது.

நான்காவது, பெறுபேற்றை உரைக்கும் முறை. இன்னும் தேர்ச்சி பெறவில்லை எனும் சொல்லை அறிவித்தற் பலகையிலே ஒட்டிப் பலர் காண வைத்தல் கூடாது. ஒவ்வொருவரையும் தனித்தனி அழைத்து, இன்ன அலகில் நிறைவு, இன்ன அலகில் குறைவு, குறைவை நிரப்ப இன்ன வழி, அதற்குச் செல்லும் காலம் இவ்வளவு என்று தமிழிலே தெளிவாகக் கூறுதல் வேண்டும். கூடுமாயின் தாயோ தந்தையோ உடனிருத்தல் நன்று. கொழுந்து நிறுத்து மாலை திரும்பும் தாய்க்கு முற்பகல் பத்து மணிக்குப் பாடசாலைக்கு வருதல் இயலாது. அழைக்கும் நேரத்தை அவளுக்கு இசைய வகுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, சான்றிதழைக் கையளித்தல். உரியவரிடமே கொடுத்துக் கையொப்பம் பெறல் வேண்டும். உரியவர் வர இயலாவிடின் அவர் எழுத்தில் அதிகாரம் பெற்றவரிடம் மட்டும் கொடுக்கலாம். பாடசாலைக்குச் சேரவேண்டிய வசதிக் கட்டணமோ நூலக நூலோ நிலுவையிலிருப்பதைக் காட்டிச் சான்றிதழைப் பிணைவைத்தல் அறமன்று. கடனைத் தீர்க்கும் வழி வேறு. பிள்ளையின் வாழ்வாதாரத்தைத் தடுத்து வைத்தல் வேறு.

ஆறாவது, பெறப்படாத சான்றிதழ்களைத் தேடிச் சேர்ப்பித்தல். ஆண்டுக்கு ஒருமுறை அலுமாரியைத் திறந்து, எஞ்சியவற்றைப் பட்டியலிட்டு, தோட்டப் பிரிவு தோறும் செய்தி அனுப்புதல் வேண்டும். அப்பிரிவிலிருந்து வரும் இளைய மாணாக்கர், கிராம உத்தியோகத்தர், கோயிற் பரிபாலன சபையினர் முதலியோர் செய்தி கொண்டுசெல்ல உதவுவர். செய்தியை அனுப்பலாம், சான்றிதழைப் பிறர் கையில் அனுப்பலாகாது.

ஏழாவது, இழந்தார்க்கு உதவுதல். லயத்திலே தீப்பற்றினாலும் மண்சரிவு நேர்ந்தாலும் முதலில் அழிவன தகரப் பெட்டியிலுள்ள பத்திரங்களே. பாடசாலை இடாப்பிலே சான்றிதழ் இலக்கமும் நாளும் பதிவாகியிருப்பின், வழங்கிய நிலையத்தினிடம் மறுபடி விண்ணப்பிப்பது எளிதாகும். ஒரு வரிப் பதிவு ஒரு குடும்பத்தின் அலைச்சலைத் தீர்க்கும்.

முன் கற்றோர்க்கும் வழி

இவ்விடத்திலே இன்னுமொன்று கூறுதல் தகும். தொழிற்றகைமை பெறுவதற்குப் பயிற்சி நிலையம் ஒன்றே வழியன்று. பல்லாண்டு தொழில் செய்து கைத்திறன் பெற்றவர், வகுப்பிற் பயிலாமலே மதிப்பீட்டுக்குத் தோற்றித் தகைமை பெறலாம். முன் கற்றதை அங்கீகரித்தல் என்பது இதன் பெயர். தேயிலைத் தொழிற்சாலையிலே உருளைப் பொறியைப் பழுது பார்த்தே தலை நரைத்தவரும், லயங்களுக்கு மின்னிணைப்புச் செய்தே அனுபவம் பெற்றவரும், தையற்பொறி ஒன்றால் குடும்பத்தைத் தாங்கிய தாயும் இவ்வழிக்கு உரியோர். பிள்ளையின் பெறுபேற்றை அறிய வரும் தந்தைக்கு, ஐயா, உங்கள் கைத்திறனுக்கும் நாட்டிலே சான்றிதழ் உண்டு என்று பாடசாலை எடுத்துக் கூறுமாயின், அஃது அவருக்குச் செய்யும் மரியாதையும் உதவியுமாகும். தகப்பனும் மகனும் ஒரே ஏணியில் ஏறும் காட்சி நம் மலைகளுக்கு அழகு செய்யும்.

பழைய மாணவர் கடன்

இம்மலரைப் படிப்போருட் பெரும்பாலோர் நம் கல்லூரியின் பழைய மாணவராவர். நம்முட் சிலர் அரச அலுவலகங்களிலும், சிலர் வணிகத்திலும், சிலர் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றோம். விழாக்காலத்தில் மண்டபம் கட்டவும், விளையாட்டுத் திடல் திருத்தவும், வெற்றிக் கேடயம் வழங்கவும் நாம் பின்னின்றதில்லை. இவையாவும் கண்ணுக்குத் தோன்றும் தொண்டுகள். இடாப்பு எழுதுதலும் சான்றிதழைத் தேடிக் கொடுத்தலும் கண்ணுக்குத் தோன்றாதவை, அவற்றிற்குத் திறப்பு விழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை. எனினும் அவை விதைநெல் காப்பது போன்ற தொண்டுகள்.

கல்லூரியிலும் அதனை அண்டிய சிறு பாடசாலைகளிலும் ஆசிரியர் மிகுந்த பளுவோடு பணி செய்கின்றனர். பாடம் புகட்டும் ஆசிரியரே லிகிதராகவும் காசாளராகவும் கடமையாற்றும் இடங்கள் உள. ஆதலின் ஓய்வு பெற்ற பழைய மாணவர் இருவர் மூவர் சேர்ந்து, அதிபரின் அனுமதியோடும் மேற்பார்வையோடும், ஆண்டுக்கு இரு நாள் பட்டியல் ஒப்பு நோக்க உதவலாம். ஈரமும் செல்லும் அணுகாத இரும்பு அலுமாரி ஒன்றை அளிக்கலாம். பெயர் திருத்தும் கட்டணத்தைச் செலுத்த இயலாத குடும்பத்துக்குச் சிறு நிதியொன்று அமைக்கலாம். வெளிநாட்டுக்கெனச் சான்றிதழை உறுதிப்படுத்தக் கொழும்பு செல்லும் பிள்ளைக்கு, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலே செய்ய வேண்டியவற்றை முன்கூட்டியே எடுத்துரைக்கலாம்.

தொழில் நடாத்தும் பழைய மாணவர்க்குத் தனிக்கடன் ஒன்றுண்டு. நான்காம் படித் தகைமையோடு வரும் இளைஞனை, சாதாரண தரத்தில் எத்தனை திறமைச் சித்தி என்று மட்டும் வினவித் திருப்பி அனுப்பலாகாது. அவன் கையிலுள்ள தாள் யாது கூறுகின்றது என்பதை அறிந்து வினவுதல் வேண்டும். நாமே மதியாத சான்றிதழை ஊரார் மதிக்க வேண்டுமென எதிர்பார்த்தல் முறையாகாது. பரிசளிப்பு விழாவிலும் பல்கலைக்கழகம் புகுந்தோர் பெயரை வாசித்த பின்னர், தொழிற்றகைமை பெற்றோர் பெயரையும் அதே குரலில், அதே மேடையில் வாசித்தல் வேண்டும்.

முடிவுரை

பெறுபேறு என்னும் சொல்லைச் சற்று ஆராய்ந்தால் பெறுதலும் பேறும் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். பெறாதது பேறாகாது. மதிப்பீட்டாளர் கையொப்பமிட்டதாலோ ஆணைக்குழு பதிவு செய்ததாலோ பாடசாலைக்குப் பொதி வந்து சேர்ந்ததாலோ அது நிறைவெய்துவதில்லை. மடுல்கெல்ல மலைச்சாரலிலே ஒரு லயத்து வாயிலில் நிற்கும் பிள்ளை, பிழையற்ற தன் பெயரைத் தன் கையாலே பிடித்துத் தாய்க்கு வாசித்துக் காட்டும் பொழுதே அது நிறைவெய்துகின்றது. அதுவரையும் பாடசாலையின் பாடவேளை முடியவில்லை என்று கொள்க.

ஆசிரியர்கள் இடாப்பைத் திறப்பார்களாக! மாணாக்கர் தம் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து உறுதி செய்வார்களாக! பழைய மாணவர்களாகிய நாம் அலுமாரியில் உறங்கும் தாள்களை உரியவரிடம் சேர்க்கத் துணை நிற்போமாக! அறிவித்த கல்விக்கு அளித்த சான்றும் உரிய கையைச் சேருமாயின், நம் கல்லூரி கண்ட விழா பயனுடைய விழாவாகும்.